ஏஐ ஸ்டார்ட்அப்பில் காசு போடுமுன்: கொழும்பு முதலீட்டாளருக்கு முழு வழிகாட்டி

இது பெரிய நிதியங்களுக்கு எழுதியது அல்ல. 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரை கையில் இருந்து, தெரிந்தவரின் மகனோ பழைய மாணவர் சங்கத்துத் தம்பியோ தொடங்கிய ஏஐ கம்பனியில் பங்கு எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு.

புதிதாக இறங்குபவர்கள் வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். முதலில் டெமோ, பிறகு "எத்தனை வீதம் தருவீர்கள்" என்ற பேரம், கடைசியில் சட்டத்தரணி. கணக்கை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கீழே உள்ள வரிசை வேண்டுமென்றே வேறு மாதிரி அமைந்திருக்கிறது: செலவு குறைந்த சோதனை முன்னால், கூடியது பின்னால். ஒரு படிக்குப் பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. "ஏஐ டிரேடிங், மாதம் 5 வீதம் உறுதி" என்று வட்ஸ்அப் குழுவில் வருவது ஸ்டார்ட்அப் முதலீடு அல்ல. தனியார் கம்பனி தன் பங்கைப் பொதுமக்களுக்குக் கூவி விற்கவே முடியாது. அதன் பங்குதாரர் எண்ணிக்கைக்கும் 50 என்ற எல்லை உண்டு. ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அது வங்கித்தொழில் சட்டம் தடைசெய்த பிரமிட் திட்டம். அதற்கு இந்த வழிகாட்டி தேவையில்லை. குழுவை விட்டு வெளியேறினால் போதும்.

1. தொகையை முதலில் பிரியுங்கள்

இந்தக் காசு 7 முதல் 10 வருடம் திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005 இல் தொடங்கிய நம் நாட்டு மென்பொருள் கம்பனி டபிள்யூஎஸ்ஓ2, ஈக்யூடி என்ற வெளிநாட்டு முதலீட்டு நிதியத்துக்கு 60 கோடி டொலருக்கு மேல் கைமாறியது 2024 இல். நன்றாகப் போன கம்பனிக்கே அவ்வளவு காலம். நகை அடகு, வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்புக்கான நிலையான வைப்பு: இவை மூன்றும் வெளியே நிற்கட்டும்.

மிச்சத்தை ஒரே கம்பனியில் கொட்டக் கூடாது. 8 முதல் 10 கம்பனிகளுக்குப் பிரித்து, மொத்தத்தில் பாதியை இரண்டாம் சுற்றுக்கு, அதாவது கம்பனி அடுத்த தடவை பங்கு விற்றுக் காசு திரட்டும் நேரத்துக்கு, ஒதுக்கி வையுங்கள். பத்தில் ஆறேழு பூச்சியமாகும் தொழில் இது. எது எழும்பும் என்பது முதல் காசோலை எழுதும் நாளில் தெரியாது, ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். அப்போது போடக் கையில் காசு வேண்டும்.

2. டெமோவுக்கு முன் ஆவணங்களைக் கேளுங்கள்

கடந்த 12 மாத வங்கிக் கூற்று. மொடல் வழங்குநரிடமிருந்து (ஓப்பன்ஏஐ போல, ஏஐ மொடலைக் கட்டணத்துக்குப் பாவிக்க விடும் கம்பனி) வந்த கடைசி மூன்று மாத பில். வாடிக்கையாளர் பட்டியலும் அவர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியல்களும். கம்பனியின் படிவம் 1 (கம்பனியைப் பதியக் கொடுத்தது), அமைப்பு விதிகள் (கம்பனியின் உள் விதிகள்), பங்குதாரர் பதிவேடு, இதுவரை கொடுத்த படிவம் 6 (புதுப் பங்கு வெளியிட்டதை அறிவிப்பது) எல்லாம். ஊழியர் ஒப்பந்தங்கள்.

இவற்றை முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம் உண்டு. டெமோ பார்த்து மனம் இளகிய பிறகு "பரவாயில்லை, பிறகு தரட்டும்" என்று விடுவது மனித இயல்பு. கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவர் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார். "எங்கட கணக்காளர் ஊருக்குப் போயிட்டார் அங்கிள்" என்று மூன்றாவது வாரமும் கேட்டால், அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

3. வியாபார மாதிரியை ஒரே வரியில் எழுதுங்கள்

"யார், எதற்கு, எவ்வளவு, எந்த நாணயத்தில் கட்டுகிறார்?" இந்த ஒரு வரியை நிறுவனரின் உதவி இல்லாமல் உங்களால் எழுத முடியாவிட்டால் இன்னும் ஒரு சந்திப்பு தேவை.

மாதச் சந்தா முறையில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பழைய மென்பொருளில் இது தங்கச் சுரங்கம். ஏனெனில் பாவனை கூடினாலும் செலவு ஏறாது. ஏஐயில் ஏறும். மாதம் 10 டொலருக்கு விற்ற கிட்ஹப் கோபைலட் (மைக்ரோசொஃப்டின், கணினி நிரல் அல்லது கோட் எழுத உதவும் ஏஐ), 2023 இன் தொடக்கத்தில் ஒரு பாவனையாளருக்கு மாதம் சராசரியாக 20 டொலருக்கு மேல் நட்டப்பட்டதாக வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் எழுதியது. மைக்ரோசொஃப்ட் தாங்கும். பம்பலப்பிட்டியில் நான்கு பேர் இருக்கும் கம்பனி தாங்காது.

பாவனைக்கு ஏற்ற கட்டணத்தில் அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் மாத முடிவில் பில்லைப் பார்த்து வாடிக்கையாளர் அதிர்ந்துபோவார். முடிந்த வேலைக்கு மட்டும் கட்டணம் என்பது மூன்றாவது: வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐயான இன்டர்கொமின் ஃபின், தீர்த்து வைத்த ஒவ்வொரு கேள்விக்கும் 0.99 டொலர் என்று விலை வைத்தது. கேட்க நல்லது. "தீர்ந்தது" என்பதை யார் தீர்மானிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பில் அதிகம் காண்பது நான்காவது வகை: மேலே தயாரிப்பு என்ற பெயர், உள்ளே ஒப்பந்த வேலை. ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு ஒன்று, ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள். இது கெட்ட தொழில் அல்ல, நல்ல இலாபம்கூட வரலாம். ஆனால் புது வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புது ஆள் வேண்டும். ஆகவே தயாரிப்புக் கம்பனியின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "கடைசி வாடிக்கையாளருக்காகப் புதிதாக எத்தனை கிழமை கோட் எழுதினீர்கள்?"

4. ஒரு வேலைக்கான செலவைக் கையால் கணக்கிடுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்.

மொடல் வழங்குநர்கள் டோக்கன் கணக்கில் காசு வாங்குகிறார்கள். டோக்கன் என்பது சொல்லின் துண்டு. உள்ளே போவதற்கு ஒரு விலை, வெளியே வருவதற்கு அதைவிடக் கூடிய விலை. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தை விட டோக்கன் அதிகம் பிடிக்கும். 2024 மே மாதம் தன் ஜிபிடி-4ஓ மொடல் வெளிவந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே வாசகத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன், புதிய முறையில் 35, ஆங்கிலத்தில் 24. நிறுவனர் ஆங்கில எடுத்துக்காட்டை வைத்துச் செலவு காட்டினால், தமிழிலும் சிங்களத்திலும் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கற்பனைக் கம்பனி. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கு வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் ஏஐ. கடைக்கு மாதம் 7,500 ரூபா சந்தா. ஒரு கடைக்கு நாளுக்கு 40 ஓடர், மாதம் 26 நாள்: 1,040 ஓடர்.

ஒரு ஓடர் முடிய ஆறு தடவை செய்தி போய்வருகிறது என்று வைப்போம். ஒவ்வொரு தடவையும் மொடலுக்குப் போவது கடைசிச் செய்தி மட்டுமல்ல; கட்டளைகள், விலைப்பட்டியல், அதுவரை பேசிய முழுவதும் திரும்பப் போகிறது. புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். விலைப்பட்டியலே 3,000 டோக்கன் என்றால், தடவைக்கு 4,000 உள்ளே, 200 வெளியே. ஆறு தடவைக்கு 24,000 உள்ளே, 1,200 வெளியே.

2024 இன் பிற்பகுதியில் ஜிபிடி-4ஓவின் விலை பத்து இலட்சம் டோக்கனுக்கு உள்ளே 2.50 டொலர், வெளியே 10 டொலர். அப்படியானால் ஓடருக்கு 0.072 டொலர், டொலர் 300 ரூபா என்றால் 21.60 ரூபா. மாதம் 22,464 ரூபா. வாங்குவதோ 7,500.

அதே வேலையை ஜிபிடி-4ஓ மினி என்ற சிறிய மொடலுக்குக் கொடுத்தால், 0.15 மற்றும் 0.60 டொலர் விலையில், மாதம் 1,348 ரூபா. ஏறத்தாழ 17 மடங்கு வித்தியாசம். எனவே "எந்த மொடல்?" என்பது பொறியியலாளர் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல, முதலீட்டாளரின் முதல் கேள்வி. உண்மையில் பல கம்பனிகள் இரண்டையும் கலக்கும்: இலகுவான 80 வீதம் சிறியதற்கு, சிக்கலான 20 வீதம் பெரியதற்கு. அப்போது மாதம் 5,571 ரூபா. சந்தாவில் 1,929 மிச்சம்.

இன்னும் முடியவில்லை. பிழையான ஓடரைப் பார்த்துத் திருத்த ஒருவர் இருப்பார். அவர் சம்பளம் 45,000, அதன்மேல் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்: 51,750. அவர் 15 கடைகளைப் பார்த்தால் கடைக்கு 3,450. மொத்தம் 9,021 ரூபா. ஒவ்வொரு கடையிலும் மாதம் 1,521 நட்டம். கடை கூடக் கூட நட்டமும் கூடும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்ற வசனம் இங்கே செல்லாது.

திருத்த வழி உண்டா? உண்டு. முழு விலைப்பட்டியலை அனுப்பாமல், கேட்ட பொருட்களின் வரிகளை மட்டும் எடுத்து 500 டோக்கனாகச் சுருக்கினால் மொடல் செலவு 2,670 ஆகிவிடும். ஆள் செலவோடு 6,120. கடைக்கு 1,380 இலாபம். அந்த மாற்றத்தை நீங்கள் கேட்குமுன்னே செய்துவைத்து, மாதாமாதம் இந்தக் கணக்கை எழுதிவரும் நிறுவனரிடம் தொடர்ந்து பேசலாம்.

பிறகு டொலரை 360 ஆக வைத்துத் திரும்பக் கணக்கிடுங்கள். 2022 மார்ச்சில் 200 அளவில் இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொடல் பில் டொலரில், சந்தா ரூபாவில். சுருக்கிய முறையில் 846 ரூபா மிஞ்சும். சுருக்காத முறையில் நட்டம் 2,635 ஆகப் பெருகும்.

மேலே உள்ளவை அன்றைய விலைகள். உங்கள் கணக்குக்கு அன்றன்றைய விலையைப் போடுங்கள். "விலை இறங்கிக்கொண்டே போகிறது" என்று நிறுவனர் சொல்வார். உண்மைதான்: 2023 மார்ச்சில் ஜிபிடி-4 உள்ளே 30, வெளியே 60 டொலராக இருந்தது. ஆனால் போட்டியாளனுக்கும் அதே விலைதான் இறங்குகிறது, சந்தாவும் சேர்ந்து இறங்கும். யோசித்துப் பதில் சொல்லும் மொடல்கள் கண்ணுக்குத் தெரியாத யோசனை டோக்கன்களுக்கும் வெளியே வரும் விலையையே அறவிடுகின்றன. டோக்கன் மலிந்தாலும் ஒரு வேலைக்குப் பிடிக்கும் டோக்கன் கூடியிருக்கலாம்.

5. அவர்களின் டெமோவை விட்டு உங்கள் சரக்கைக் கொடுங்கள்

டெமோவில் எல்லாம் வேலை செய்யும். தெரிந்த ஒரு கடையிலிருந்து 50 உண்மையான செய்திகளை, பெயரும் எண்ணும் அழித்து, எடுத்து வாருங்கள். "அண்ணே வழமையான சம்பா 2, பருப்பு 1 மூடை, பழைய கணக்கில போடுங்கோ" மாதிரி. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், பாதி சிங்களம், குரல் பதிவு, மங்கலான படம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

முடிவை மூன்றாகப் பிரியுங்கள்: சரி, "விளங்கவில்லை" என்று சொன்னவை, தைரியமாகச் சொன்ன பிழை. இரண்டாவது வகை பத்து இருந்தாலும் சமாளிக்கலாம். மூன்றாவது வகை ஐந்து என்றாலே கடைக்காரர் இரண்டாம் மாதம் நிறுத்திவிடுவார். 2 மூடை கேட்டவருக்கு 20 மூடை லொறியில் போனால் ஏற்றுக்கூலி யார் கொடுப்பது?

பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித் திணைக்களம் நேட் என்ற செயலியின் நிறுவனர் மீது மோசடிக் குற்றம் சாட்டியது. இணையக் கடைகளில் பொருளை ஏஐ தானாக வாங்கித் தருகிறது என்று சொல்லி 4 கோடி டொலருக்கு மேல் திரட்டிய பிறகு, உண்மையில் பிலிப்பைன்ஸில் ஆட்கள் கையால் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கே சோதிக்க எளிய வழி: போயா தினத்து இரவு இரண்டு மணிக்குச் செய்தி அனுப்புங்கள். பகலில் நான்கு செக்கனில் வந்த பதில் அப்போது அரை மணி எடுத்தால், சம்பளப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஆள் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான்.

6. வருமானத்தை உரித்துப் பாருங்கள்

வங்கிக் கூற்றையும் விலைப்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வந்த காசை நான்காகக் குறியுங்கள்: மாதாமாதம் திரும்ப வருவது, ஒருதரம் கட்டியது, பரீட்சார்த்தமாகக் கட்டியது, மானியம் அல்லது பரிசு. முதலாவதை மட்டும் 12 ஆல் பெருக்கலாம். மற்றவற்றையும் பெருக்கி "வருட வருமானம்" என்று காட்டுவது மிகச் சாதாரணம்.

மைக்ரோசொஃப்ட், அமேசன், கூகிள் மூன்றும் ஸ்டார்ட்அப்களுக்கு இலவச கிளவுட் வரவு (தங்கள் கணினிச் சேவையை ஒரு தொகை வரை காசின்றிப் பாவிக்கும் சலுகை) கொடுக்கின்றன. அது இருக்கும் வரை செலவுப் பக்கம் வெள்ளையாக இருக்கும், முடிந்த மாதம் உண்மை தெரியும். வரவு எப்போது காலாவதி என்று கேட்டு, அது இல்லாத செலவைப் போடுங்கள்.

எதிர்பார்க்கும் வருமானத்தை நம்பி விலை பேச வேண்டாம். மைக்ரோசொஃப்ட் முதலிட்டிருந்த லண்டன் கம்பனி பில்டர்.ஏஐ 2025 மே மாதம் வங்குரோத்துக்குள் போனது. அதற்கு முன் தன் 2024 வருமான எதிர்பார்ப்பை ஏறத்தாழ நான்கில் ஒன்றாக வெட்டியிருந்தது.

7. பத்திரங்கள்: சட்டத்தரணியிடம் போகுமுன் நீங்களே பார்ப்பவை

கோட் யாருடையது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் வேலையின்போது எழுதியது, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்குச் சேரும். பகுதிநேரமாக எழுதிக் கொடுத்த நண்பர் ஊழியர் அல்ல. பல்கலைக்கழகத்துப் பயிற்சி மாணவரும் பெரும்பாலும் அல்ல. அவர்களிடமிருந்து எழுத்தில் உரிமை மாற்றம் இல்லாவிட்டால், நீங்கள் வாங்குவது கோட் இல்லாத கம்பனி. நிறுவனர் பகலில் வேறு கம்பனியில் வேலை செய்துகொண்டே எழுதினாரா என்பதையும் கேளுங்கள்.

வாடிக்கையாளரின் தரவு வெளிநாட்டு மொடலுக்குப் போகிறதென்றால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்றபடி வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்க வேண்டும். வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் விற்கப் போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் விற்பனை அங்கேயே நிற்கும்.

உங்கள் பங்கு எந்தக் கம்பனியில்? இணையத்தில் கட்டணம் வாங்கும் ஸ்ட்ரைப் கணக்குக்காகவும் வெளிநாட்டு முதலீட்டாளருக்காகவும் பலர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயரிலோ தாய்க் கம்பனி பதிவார்கள். கோட் அங்கே, ஊழியர் இங்கே. நீங்கள் கொழும்புக் கிளையில் பங்கு வாங்கினால் கையில் சம்பளச் செலவு மட்டும்தான் மிஞ்சும். தாய்க் கம்பனியில் போடுவதென்றால் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எல்லைத் தொகை அவ்வப்போது மாறுவதால் முதலில் வங்கியைக் கேளுங்கள். லண்டனில் இருக்கும் மச்சானைக் கட்டச் சொல்லி இங்கே ரூபாவாகக் கொடுப்பது வழியல்ல.

மறுபக்கமும் உண்டு. டொரொன்டோவில் உள்ள தம்பி உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, நீங்கள் உங்கள் பெயரில் பங்கு எடுத்தால், பதிவேட்டில் பங்கு உங்களுடையது. அவர் தன் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அனுப்பினால்தான் விற்கும் நாளில் காசு ஒழுங்காகத் திரும்பிப் போகும்.

8. விலை பேசுங்கள், இப்போதுதான்

25 இலட்சம் போடுகிறீர்கள். முதலீட்டுக்குப் பிந்திய மதிப்பு, அதாவது இந்தச் சுற்றில் வரும் காசும் சேர்ந்த கம்பனியின் விலை, 5 கோடி. உங்களுக்கு 5 வீதம். அடுத்த சுற்றில் 20 வீதம் விற்றால் அது 4 ஆகும். ஊழியர் பங்குக்கு 10 வீதம் ஒதுக்கினால் 3.6. போட்டதைப் பத்து மடங்காக எடுக்க, கம்பனி ஏறத்தாழ 69 கோடிக்கு விலைபோக வேண்டும். யார் வாங்குவார் என்று நிறுவனரிடம் பெயர் கேளுங்கள். கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடுவதும் ஒரு வழிதான், வாடகை வண்டிச் செயலியான பிக்மீ 2024 இல் செய்தது. ஆனால் அந்த அளவுக்கு வளர்பவை சில.

பிந்திய மதிப்பா முந்திய மதிப்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முந்திய மதிப்பு 5 கோடி, அந்தச் சுற்றில் மொத்தம் 1 கோடி திரட்டுகிறார்கள் என்றால் உங்கள் 25 இலட்சத்துக்கு 4.17 வீதம்தான்.

சேஃப் என்பது இப்போது கொடுக்கும் காசு பிறகு பங்காக மாறும் ஒப்பந்தம்; 2013 இல் வை கொம்பினேட்டர் என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனம் அமெரிக்கச் சட்டத்துக்காக எழுதியது. இணையத்தில் இறக்கி ஒப்பமிட்டு வைத்தால் இங்கே பாதிதான் பயன். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில், அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், புதுப் பங்கில் ஏற்கெனவே உள்ள பங்குதாரருக்கு முன்னுரிமை உண்டு. அவர்கள் அதை எழுத்தில் விட்டுக்கொடுக்காவிட்டால், உங்கள் காசைப் பங்காக மாற்றும் நாள் தகராறு நாளாகும்.

கேட்க வேண்டியவை மூன்று. அடுத்த சுற்றில் உங்கள் வீதத்தைக் காக்கும் அளவுக்குப் போட உரிமை. மாத அறிக்கை. நிறுவனர்களின் பங்கு நான்கு வருடத்தில் படிப்படியாக உரித்தாவது, முதல் வருடம் முடியுமுன் போனால் ஒன்றும் இல்லை என்ற நிபந்தனையோடு. மூன்றாவது மிக முக்கியம்: இரண்டு பேரில் ஒருவர் எட்டாம் மாதம் அவுஸ்திரேலியா போய்விட்டால், பாதிப் பங்கு அவரோடு போகக் கூடாது. பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதியதை அமைப்பு விதிகளிலும் திருத்த வேண்டும். இரண்டும் முரண்பட்டால் வாதாடச் செலவாகும்.

9. காசு மாற்றும் நாளும் அதன் பிறகும்

உங்களுக்குப் பங்கு ஒதுக்கும் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பிரதி கையில் வந்த பிறகு, கம்பனியின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் வங்கி வழியாக அனுப்புங்கள். "கம்பனிக் கணக்கு இன்னும் திறக்கேல்லை, என்ர கணக்குக்குப் போடுங்கோ அண்ணா" என்றால் கணக்குத் திறக்கும் வரை காத்திருக்கலாம், அவசரம் உங்களுக்கு இல்லை. விவரக் குறிப்பில் "பங்கு ஒதுக்கீடு" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறகு அது கடனா பங்கா என்று ஒடிட்டர் கேட்பார்.

பங்கு வெளியிட்டு 20 வேலை நாளுக்குள் கம்பனிகள் பதிவாளருக்குப் படிவம் 6 போக வேண்டும். ஒன்லைனில் கொடுக்கலாம். கொடுத்தாயிற்று என்ற வாய்ச்சொல் போதாது. பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் பிரதி, பங்குச் சான்றிதழ், படிவத்தின் சான்றுப் பிரதி மூன்றையும் வாங்குங்கள்.

மாத அறிக்கை ஒரு பக்கம் போதும்: வங்கியில் உள்ள காசு, இந்த மாதம் எரிந்த காசு, எத்தனை மாதத்துக்குப் போதும், கட்டும் வாடிக்கையாளர் எத்தனை, விட்டுப்போனவர் எத்தனை, நாலாம் படியில் போட்ட ஒரு வேலைக்கான செலவு. மொடல் வழங்குநர் விலையை மாற்றும்போதோ பழைய மொடலை நிறுத்தும்போதோ அந்தக் கடைசி எண்ணை உடனே கேளுங்கள். மொடல் மாறினால் ஐந்தாம் படியின் 50 செய்திகளையும் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். அதற்காக அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், நிறுவனரிடம் கொடுக்காமல்.